வியன்னாவில் தேவகியின் சனிக்கிழமை

புதன்கிழமை காலை தேவகியின் கணவர் செந்தில் கூப்பிட்டபோது நான் மீட்டிங்கில் இருந்தேன். எடுக்கவில்லை. உடனே மறுபடியும் அடித்தது. "தேவகி போயிட்டா, சுமதி. இர்விங்ல, அந்த அபார்ட்மெண்ட்லயே. ஹார்ட்டுன்னு சொல்றாங்க. நான் ஏர்போர்ட்டுக்குப் போய்ட்டு இருக்கேன்" என்றார். வேலைக்காக டெக்சாஸில் தனியாகத் தங்கியிருந்த என் தோழி, ஐம்பத்தோரு வயதில், பக்கத்தில் யாருமில்லாமல் இறந்திருந்தாள்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. பத்து வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸில் கைவைத்தவளை எனக்கு அப்படி எழுத வரவில்லை.

நியூஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் தேவகி வீடு இருந்த குடியிருப்பின் கிளப் ஹவுஸில் நடந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு எங்கள் பழைய மேனேஜர் ரகுவும் வந்திருந்தார். மைக்கைப் பிடித்து, "தேவகி மாதிரி டெடிகேட்டடான ஆளை நான் பார்த்ததில்ல. எப்ப கூப்பிட்டாலும் லைன்ல இருப்பாங்க" என்றார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் சொன்னது பொய். தேவகி ஒருமுறை லைனில் இல்லை. அதற்காகத்தான் அவளுடைய வேலையை அவர் பறித்தார். நான் அதற்குத் துணை போனேன்.

தேவகி ஈரோட்டுக்காரி. இசை அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மகள் மீரா பள்ளியில், பெரிய வயலின் போன்ற செல்லோவைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தபோது, பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு மற்ற பெற்றோரைப் போலக் காரில் காத்திருக்காமல், உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். அப்படியே ஏழெட்டு வருடம். "பாப்பா கத்துக்கிட்டது வாசிக்க. நான் கத்துக்கிட்டது கேக்க" என்பாள்.

மூன்று வருடங்களுக்கு முன்பு எங்கள் மருந்து கம்பெனி, புது சிஸ்டத்தை நிறுவ எங்கள் இருவரையும் மியூனிக் அலுவலகத்துக்கு இரண்டு வாரம் அனுப்பியது. போய் இறங்கிய அன்றே தேவகி சனிக்கிழமை ஒரு கச்சேரி கேட்க வியன்னாவுக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டாள். "நாலு மணி நேரந்தான் சுமதி. இவ்வளவு தூரம் வந்துட்டு அங்க போகாம திரும்புனா என்னை நானே மன்னிக்க மாட்டேன்" என்றாள்.

காலை ரயிலில் ஹோட்டலில் இருந்து எடுத்து வந்த ரொட்டியில் இட்லிப்பொடி தடவிச் சாப்பிட்டோம். சால்ஸ்பர்க்கைத் தாண்டும்போது அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே எனக்கு அன்றைய கச்சேரியை விளக்கினாள். இரண்டாம் பகுதியில் செல்லோக்கள் மட்டும் தனியாக எழும் ஓர் இடம் உண்டாம். மீரா அதை வாசிக்க இரண்டு மாதம் அழுதாளாம். "அந்த எடம் வர்றப்ப பேசிறாத" என்று எச்சரித்தாள்.

மூன்றரை மணிக்குக் கச்சேரி. நின்று கேட்பவர்களுக்கான வரிசையில் நாங்கள் முன்னால் இருந்தோம். கதவு திறப்பதற்குச் சற்று முன்னால் அவள் போன் அடித்தது. ரகு. நியூஜெர்சியில் ஏதோ ரிப்போர்ட் நின்றுபோய்விட்டது, உடனே லாகின் பண்ண வேண்டும் என்றார்.

"ரகு, இந்த வாரம் கோளாறு வந்தா பாக்குற ஆன்-கால்ல நீங்கதான் இருக்கீங்க. ரன்-புக்ல எல்லாமே ஸ்டெப் பை ஸ்டெப் எழுதி வெச்சிருக்கேன். இன்னிக்கு என்னோட சனிக்கிழமை" என்றாள். குரல் உயரவே இல்லை. போனை அணைத்துப் பையில் போட்டாள்.

அடுத்த நிமிடம் என் போன் அடித்தது. கம்பெனி மூலம் போட்டிருந்த என்னுடைய கிரீன் கார்டு அப்போது பாதி வழியில் இருந்தது. எடுத்தேன். "அவங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டார். "வியன்னால, ஒரு கான்சர்ட்டுக்கு வந்திருக்கோம்" என்றேன். வரிசையை விட்டு விலகி, வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்தேன். தேவகி எழுதிவைத்திருந்த குறிப்பைப் பார்த்து இருபது நிமிடத்தில் சரிசெய்தேன். அதை ரகுவும் செய்திருக்கலாம். எனக்காகக் கதவு மறுபடியும் திறக்கவில்லை.

திரும்பும் ரயிலில் நடந்ததைச் சொன்னேன். "கேட்டா சொல்லித்தான ஆகணும். பொய் சொல்லச் சொல்லி நான் உன்னைக் கேக்கலையே" என்றாள். பிறகு, "அந்த எடத்துல நீ இல்லாமப் போய்ட்ட பாரு, அதுதான் வருத்தம்" என்றாள். அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் ரகு எனக்கு ஒரு மெயில் அனுப்பினார். அந்தச் சனிக்கிழமை தேவகி தொடர்பில் இருந்தாரா என்று ஒரு வரியில் பதில் வேண்டும் என்றார். "இல்லை, அவர் போனை அணைத்திருந்தார்" என்று எழுதினேன். ஆன்-கால் பட்டியலில் இருந்தது யார் பெயர் என்பதை எழுதவில்லை. ஆட்குறைப்பு வந்தபோது எங்கள் குழுவில் போனது அவள் ஒருத்திதான். நம் ஆட்களே, "வேலைக்குப் போன எடத்துல ஊர் சுத்தினா விடுவாங்களா?" என்று, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பொட்லக் விருந்தில் பேசினார்கள். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்தது இர்விங்கில் கான்ட்ராக்ட் வேலை. ஞாயிறு மாலை நுவார்க்கில் விமானம் ஏறுவாள், வியாழன் இரவு திரும்புவாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று இரண்டு முறை என்னிடம் சொன்னாள். "டாக்டரைப் பாரு" என்றேன். "இந்த சாஃப்ட்வேர் ரிலீஸ் முடியட்டும்" என்றாள். ஆம், அவளும் கடைசியில் அப்படிப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவளை அப்படி ஆக்கியது யாரென்று எனக்குத் தெரியும்.

அஞ்சலிக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடக்கும்போது மீரா என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, அம்மா ஆல்வேஸ் டாக்ட் அபௌட் வியன்னா. வாட் ஹாப்பன்ட் தேர்?" என்று கேட்டாள். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மெயிலையும் சொன்னேன். அதை தேவகியிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை. மீரா என் கையில் இருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு, "ரைட் இட் டௌன். யூஸ் யுவர் நேம்" என்றாள்.

எழுதிவிட்டேன். ரகுவுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். தேவகியைத் தெரிந்த உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அவளுடைய உழைப்பைப் புகழாதீர்கள். அவளைத் தின்றவர்கள் புகழ்வது அதைத்தான். அன்று வியன்னாவில் கச்சேரி முடிந்து கதவைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். முகமெல்லாம் ஈரம். படிக்கட்டில் என்னைத் தேடினாள். என்னிடம் இருப்பது அந்த முகம் மட்டும்தான். அதைப் பார்த்தவுடன் நான் செய்த முதல் காரியம், லேப்டாப்பை மூடி மறைத்தது.