வெயிலுக்குப் போன தொட்டி

பெட்டூனியாப் பூச்செடி விதையை அத்தை முதன்முதலில் என் கையில் கொடுத்தபோது நான் தும்மிவிட்டேன். கசகசாவைவிடப் பொடி அது. பாதி விதை எங்கே போனதோ தெரியாது. அத்தை திட்டவில்லை. மிச்சத்தை மண்மேல் தூவி, மூடாமல் லேசாக அழுத்தி விட்டாள். ஏன் மூடவில்லை, எறும்பு தின்னாதா, எப்போது முளைக்கும் என்று நச்சரித்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயசு. எதையாவது நோண்டிப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கார்த்திகையில் ஒரு பையும் இடது கையில் மாவுக்கட்டுமாக ஜீப்பிலிருந்து இறங்கினாள். குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம். போன வருஷமும் அப்படித்தான் வந்தாள். மலைமேல் தரையெல்லாம் இவ்வளவா வழுக்கும் என்று வீட்டில் ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லோரும் என் சோலியைப் பார்க்கச் சொன்னார்கள்.

பத்து நாளில் மாமா கூட்டிப்போக வந்தார். சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து, புருஷன் வீட்டுக்குப் போவதுதான் முறை என்று பேசி முடித்தார்கள். அப்பா வாயே திறக்கவில்லை. அத்தைதான் கதவோரம் நின்று, "வெதை போட்டிருக்கேன். அது பூத்ததும் வர்றேன்" என்றாள். மாமா சிரித்துவிட்டார். பூச்செடி என்ன தென்னையா, மிஞ்சிப்போனால் மூணு மாசம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

செடிகள் வந்தன. ஆறு தொட்டி. அத்தை அவற்றைக் கொல்லையில் மாமரத்தடியில் வரிசையாக வைத்தாள். அப்பா அது போதாதென்று மேலே பச்சை வலையும் கட்டினார். எங்கள் குடும்பத்துக்கே ஏலக்காய் தவிர வேறு பயிர் தெரியாது. ஏல நாற்றுக்கு வெயில் பட்டால் போச்சு, ஆகவே எந்த நாற்றுக்கும் வெயில் ஆகாது. அது எங்கள் வீட்டுச் சட்டம். மரத்து நிழல், வலை நிழல், காலையும் மாலையும் தண்ணீர். ஏலச்செடியாக இருந்தால் காடாகியிருக்கும்.

பெட்டூனியாவோ நெட்டையாக வளர்ந்து சரிந்து படுத்துக்கொண்டது. பூ இல்லை. தப்பித் தவறி நுனி திரண்டாலும் அத்தை நகத்தால் கிள்ளிவிடுவாள். கிள்ளினால்தான் தழையும் என்றாள். வாரம் தவறாமல் மாமா போன் செய்வார். இன்னும் பூக்கலை என்பாள் அத்தை. அதில் பொய் ஒன்றும் இல்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. விதை வந்த உறையில் ஒரு படம் இருந்தது. ஊதா ஊதாவாகப் பூக்கள், சுள்ளென்று வெயில், மரமும் இல்லை வலையும் இல்லை. ஒரே ஒரு தொட்டிக்கு வெயில் காட்டினால் என்ன ஆகும்? தை மாசம் கடைசித் தொட்டியைத் தூக்கிப்போய் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். பூனை உருட்டி உடைத்துவிட்டது என்று சொல்லிவைத்தேன். நம்பினார்கள். எனக்கே பயமாக இருந்தது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் மூன்று பூ. அடேயப்பா, அந்த ஊதா! சின்ன ஒலிபெருக்கி மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றன. தொட்டியைக் கட்டிப்பிடித்தபடி படியிறங்கி ஓடினேன். கீழே மாமா உட்கார்ந்திருந்தார். இனிமேல் தாமதம் ஆகாது, இன்றைக்கே கிளம்ப வேண்டும் என்று சொல்ல வந்திருந்தார்.

பூத்துவிட்டது என்று நான் கத்தியதும் அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. மாமா எழுந்து, இதுதானே அது என்றார்.

அப்பா என் கையிலிருந்து தொட்டியை வாங்கினார். ஏலக்காயை உள்ளங்கையில் உருட்டியே எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று சொல்லிவிடுகிற மனுஷன். ரொம்ப நேரம் பூவைப் பார்த்தார்.

"இது வேற பூ" என்றார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஓடிப்போய் உறையை எடுத்துவந்து படத்தைப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்தேன். இரண்டுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. அப்பா உறையை வாங்கி, அதைப் பார்க்காமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பூ எங்க வீட்டுல பூக்காது மாப்ளே. நீங்க கெளம்புங்க."

மாமா ஏதேதோ பேசினார். சொந்தக்காரர்களைக் கூட்டுவேன் என்றார். அப்பா அதே வாக்கியத்தை இன்னொரு தரம் சொன்னார், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஜீப் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

கொல்லையில் அத்தை வலைக்கு அடியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பாவம், மூணு மாசம் தண்ணீர் ஊற்றியும் வேறு பூ என்று சொல்லிவிட்டாரே, அழ மாட்டாளா? எனக்கும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவினேன்.

"அழாத அத்தை. அப்பாவுக்கு ஏலக்காயத் தவிர ஒண்ணுமே தெரியாது" என்றேன்.