மேட்டுக்குத் திரும்பாத சைக்கிள்கள்

கொல்லிமலைக்கு வாடகை சைக்கிள் வந்தபோது அதற்குக் காவலாக என்னைப் போட்டார்கள். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. அதுதான் நல்லது, எடுத்துக்கொண்டு சுற்றமாட்டீர்கள் என்றார் ஆபீசர். மலைக்குக் கீழே இருந்து வந்தவர், நல்ல மனுஷர். குளிர் ஒத்துக்கொள்ளாமல் சித்திரையிலும் மப்ளர் கட்டியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் பஸ் ஸ்டாண்டிலிருந்து அருவி வரை கார்தான், நகராது. ஒருமுறை என் மச்சான் நின்ற கார்களின் ஜன்னல் வழியாகவே மிளகு விற்று மூட்டையைக் காலி செய்தான். அவன் கல்யாணத்துக்கு வந்த ஜீப்பும் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. பெண் இறங்கி நடந்தே வந்துவிட்டாள். அது வேறு கதை.

நெரிசலைக் குறைக்கத்தான் சைக்கிள். காரை பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு, போனில் பூட்டைத் திறந்து ஓட்டிப்போய், அருவிக்குப் பக்கத்து ஸ்டாண்டில் விடவேண்டும். பஸ் ஸ்டாண்ட் மேட்டில் இருக்கிறது, அருவி பள்ளத்தில். அதை யாரும் யோசிக்கவில்லை. போகிறபோது மிதிக்காமலே போனார்கள். வருகிறபோது ஜீப்பில் வந்தார்கள். மதியத்துக்குள் நான் வெறும் கம்பிக்குக் காவல் இருந்தேன்.

"பெரியவரே, நாமக்கல்லுல இருந்து பெரிய ஆபீசர் வர்றாரு. ஸ்டாண்டு காலியாக் கெடந்தா திட்டத்தையே மூடிருவாங்க" என்றார் ஆபீசர். முழங்கால் மடங்காத எனக்கு மரவள்ளிக்காட்டில் இனி வேலையில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை மலையில் இது ஒன்றுதான்.

பெரிய ஆபீசர் வந்த அன்று ஒரே ஒரு சைக்கிள் நின்றது. அதில் ஏறி அருவிப் பக்கம் இறங்கிவிட்டார். எங்கள் ஆபீசர் மப்ளரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

எங்கள் மலையில் வெறுங்கையோடு மேடு ஏறுகிறவனைச் சும்மா விடமாட்டார்கள். வழியில் இருக்கிற யார் மூட்டையையாவது தலையில் ஏற்றிவிடுவார்கள். அவனும் கொண்டுவந்து ரோட்டோரம் வைத்துவிட்டுப் போவான். இது பெரிய ஆபீசருக்கு எப்படித் தெரியும்?

வெகுநேரம் கழித்து, வியர்த்து வழிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் மரவள்ளி மூட்டை. அதை ஒரு கையால் தாங்கியபடி எங்கள் மலைக் குண்டூர் நாட்டு அம்மா ஒருத்தி பின்னால் நடந்தாள்.

"சாச்சுப் புடிங்க சாமி, மூட்டை சரியுது."

அவளுக்குப் பின்னால் சைக்கிள் வரிசை, எல்லாவற்றிலும் மூட்டை. கீழே ஸ்டாண்டில் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் தன் போனிலேயே பூட்டைத் திறந்துவிட்டாராம். ஸ்டாண்ட் நிறைந்துவிட்டது. அவர் என் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"சும்மா உருட்டிட்டு வந்தீங்களேன்னு வெச்சுட்டேனுங்க. தப்புங்களா?" என்றாள் அந்த அம்மா.

"தப்பில்லம்மா. அடுத்த தடவை சின்ன மூட்டையா வைங்க."

அன்றிலிருந்து இறங்குவதற்கு வாடகை. மூட்டையோடு ஏற்றிவந்தால் இலவசம். கீழே பூட்டைத் திறந்துவிடவும் ஓர் ஆளைப் போட்டார்கள். சீட்டெல்லாம் மண் என்று டவுன்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். துடைத்துக் கொடுப்பதும் இப்போது என் வேலைதான். அதையும் உட்கார்ந்தே செய்துகொள்கிறேன்.