கச்சேரிப் படியில் ஒரு படம்

பத்தமடையில் பாய் வாங்கப் போகிறவன், திருநெல்வேலியில் பஸ் மாறும் இடைவெளியில் ஒரு காலத்தில் தாசில்தார் ஆபீசாக இருந்த பழைய தாலுகா கச்சேரி முன்னால் நிற்கிறேன். இடிந்து கிடந்ததைப் பழைய மாதிரியே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இருட்டியதும் தூண்களுக்கு அடியில் மஞ்சள் விளக்கு எரிகிறது. நாலு படம் எடுத்துவிட்டேன். ஆனால் என் மனைவி, "நீங்க இல்லாத படம் எதையும் அனுப்ப வேண்டாம்" என்று முன்பே சொல்லியிருக்கிறாள். வெகுநேரம் தயங்கிவிட்டு வாட்ச்மேனிடம் போனை நீட்டுகிறேன்.

படியேறி நிற்கிறேன். அவர் எடுக்காமல் என்னையே பார்க்கிறார்.

"அண்ணாச்சி, செருப்ப எதுக்குக் கழத்துனிய?"

செருப்பு கீழ்ப்படியில் கிடக்கிறது. கழற்றியது எனக்கே தெரியவில்லை.

"கையவும்லா கெட்டிக்கிட்டு நிக்கிய. கட்டடத்தத்தான் பழைய மாதிரி கெட்டுனாவ. உங்களையுமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு, நெஞ்சை நிமிர்த்துகிறேன். இந்த முறை தாசில்தார் மாதிரியே நிற்பதாக எனக்கு நினைப்பு. அவர் எடுத்துத் தருகிறார். உடனே வீட்டுக்கு அனுப்புகிறேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் மனைவியின் பதில் வருகிறது.

"நல்லாத்தான் இருக்கு. பட்டா என்னைக்குத் தாராங்களாம்?"