நெட்டையனுக்கு ஒரு இலை

சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை ஒரு கல்லில் வெட்டப்போவதாக ஈப்போவில் தெரிந்தவர்கள் சிலர் சொன்னார்கள். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போன நம் ஆட்கள்தான். எனக்கும் அதில் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டியிருந்தது. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை குனோங் ராபாட்டிலிருந்து சித்தியவான் பக்கம் கிளம்பியது அதற்காகத்தான்.

என் தாத்தா சின்னப்பன் சயாமிலிருந்து உயிரோடு வந்தவர். வாந்திபேதியில் கிடந்தவரை அதே தோட்டத்து நண்பர் ஒருவர் முதுகில் சுமந்துபோய்ப் பிழைக்க வைத்தாராம். பிறகு அந்த நோய் நண்பரையே கொண்டுபோய்விட்டது. தாத்தாதான் அவரை ஒரு மூங்கில் புதரடியில் புதைத்தார். அவர் பெயரை எங்களிடம் சொன்னதே இல்லை. எப்போதும் ‘நெட்டையன்’தான். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நெட்டையனுக்கென்று தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார். அவருக்குப் பிறகு அப்பா ஏற்றினார், இப்போது நான். ஆனால் பட்டப்பெயரைக் கல்லில் வெட்ட முடியுமா, சொல்லுங்கள்?

வழி சுலபம். லுமுட் போகும் சாலையில் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர், டோல் கிடையாது. காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். ஸ்ரீ இஸ்கண்டாரில் ஒரு நாசி லெமாக், மூன்று வெள்ளி. சம்பலில் சர்க்கரையைக் கொட்டி வைத்திருந்தார்கள், எனக்குக் கடுப்பாகிவிட்டது. போத்தாவில் பேராக் ஆற்றைத் தாண்டிய பிறகுதான் கடுப்பு அடங்கியது.

தாத்தா பால் வெட்டிய தோட்டத்தில் இப்போது பால்மரம் ஒன்றுகூட இல்லை, எங்கே திரும்பினாலும் செம்பனை. கைப்பேசி காட்டிய வழி என்னை ஒரு சாக்கடை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. திரும்பி வந்து சாலையோர ரொட்டி சானாய் கடையில் கேட்டேன்.

“சயாமுக்குப் போனவங்க வீடா? பாப்பம்மா அக்கா ஒருத்தவங்கதான் இன்னும் இங்க இருக்காங்க. அவங்க அப்பா நல்ல ஒசரமாம்லா,” என்றார் கடைக்காரர். “நான் மோட்டார்ல முன்னால போறேன், பின்னாலயே வாங்கண்ணே. ரோடு தெரோக், குழியா கெடக்கு, பாத்து ஓட்டுங்க.”

நல்ல மனுஷர். வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

பாப்பம்மா எண்பதைத் தாண்டியவர். கல்லைப் பற்றிச் சொன்னேன். அவருடைய அப்பாவின் பெயரைக் கேட்டேன். “முனியாண்டி” என்றார், அவ்வளவுதான். தாத்தாவும் அப்பாவும் விட்டுவிட்டுப் போன பெயர் ஒரே நிமிடத்தில் கிடைத்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்போதே எழுந்து வந்திருக்கலாம்.

சுவரில் மூன்று படங்களைத் துடைத்து மாட்டியிருந்தார். அவருடைய அம்மா, அண்ணன், வீட்டுக்காரர். அம்மாவின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. தீபாவளிக்கு முதல்நாள் படையலில் மூவருக்கும் ஆளுக்கொரு இலை என்றார்.

“அப்பாவுக்கு?” என்றேன்.

“உசுரோட இருக்கிறவருக்கு எப்படித் தம்பி படைக்கிறது?”

கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

“நூறு வயசு தாண்டியிருக்கும்னு எனக்கும் தெரியும். ஆனா செத்துட்டாருன்னு யாரும் வந்து சொல்லலியே. வேதக்காரவங்க வீட்டுச் சின்னப்பன்னு ஒருத்தர் மட்டும் திரும்பி வந்தாராம். அம்மா என்னைய இடுப்புல வச்சுக்கிட்டு ஓடிப்போய்க் கேட்டிருக்காங்க. ‘பின்னால வாராரு, அக்கா’ன்னு சொன்னாராம். அந்த வாரமே அவரு ஈப்போ பக்கம் போயிட்டாரு. அம்மா கடைசி வரைக்கும் பொட்ட அழிக்கல. நாங்களும் இலை போடல.”

பொட்டும் பூவுமாக ஓடி வந்தவளைப் பார்த்ததும் தாத்தாவுக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது. ஆண்டுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றினாரே, எண்பது கிலோமீட்டர் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இறந்தவர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? ஆனாலும் கோபம் வந்தது.

“அம்மா, அந்தச் சின்னப்பன் என் தாத்தாதான்,” என்று சொன்னேன். மூங்கில் புதர் வரைக்கும் சொல்லி முடித்தேன். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப இந்த வருசம் அப்பாவுக்கும் இலை போடணும்,” என்றார். “அவருக்கு என்ன பிடிக்கும்? உங்க தாத்தா ஏதாச்சும் சொன்னாரா தம்பி?”

ஒன்றும் சொன்னதில்லை. அந்த மனிதர் செத்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் எதை விரும்பிச் சாப்பிட்டார் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாது என்று சொன்னேன்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை காலையில் போங்கள், வீட்டில் ஆள் இருக்கும். உள்சாலைக்குச் சின்னக் கார் ஆகாது. பழங்களோடு போங்கள். கிளம்பும் முன் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். நீங்கள் கேட்கப் போகும் வீட்டில் உங்களிடமும் கேட்பார்கள்.

படையல் அன்று மாலை பாப்பம்மா போன் செய்தார்.

“நாலு இலை போட்டேன் தம்பி. அப்பா இலையில கோழி, கருவாடு, முறுக்கு, பழம், எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வச்சிருக்கேன். எது பிடிக்குமோ அத எடுத்துக்கட்டும்லா.”