கொண்டைக்குள் தக்கை

ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்து டோரதி வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். தக்கை வீடு என்று கேளுங்கள், கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் தெரு ஒருவருக்குப் பெயர் வைத்துவிட்டால் ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பெயர் அதோடு சரி. அதைக் கல்லறைக் கல்லில்தான் மறுபடி பார்க்கலாம்.

தக்கை என்பது வலையின் மேல் விளிம்பில் கட்டுகிற லேசான மரக்கட்டை. வலை முங்கிப் போகாமல் அதுதான் தூக்கிப் பிடிக்கும். டோரதியின் அப்பா லூயிஸ் அதைத் தன் கையாலேயே செதுக்குவார். பெரிய எலுமிச்சம்பழம் அளவில் உருட்டி, நடுவில் கயிறு கோக்க ஓட்டை போட்டு, ஓரத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒரு சிலுவையும் அதன் கீழே இரண்டு புள்ளியும் சுட்டுவைப்பார். ஒவ்வொரு வலைக்காரனுக்கும் இப்படி ஒரு குறி உண்டு. கடலில் அறுந்துபோன தக்கை எந்தக் கரையில் ஒதுங்கினாலும், குறியைப் பார்த்து உரியவனிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள்.

டோரதிக்குத் தாய் இல்லை. முடி இருந்தது. அவிழ்த்துவிட்டால் முழங்காலைத் தொடும். முகத்தில் அம்மைத் தழும்பு. அதற்கு ஈடாகத்தான் ஆண்டவர் முடியைக் கொடுத்திருக்கிறார் என்று பெண்கள் அவள் காதுபடவே பேசுவார்கள். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை அவளுக்கு. வீட்டுக்கு வந்ததும் பல்லிடுக்கில் கொண்டை ஊசிகளைக் கவ்விக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். பந்துக் கொண்டை, பக்கவாட்டுக் கொண்டை, இரண்டு சடையைப் பின்னி வளையமாக ஏற்றிக் கட்டுவது, பிச்சோடா, நெற்றிக்கு மேல் முடியைப் புஸ்ஸென்று தூக்கிவிடுவது என்று எதையும் விடமாட்டாள். சினிமா போஸ்டரில் எது வந்தாலும் அடுத்த ஞாயிறு பூசையில் அதை டோரதி தலையில் பார்க்கலாம். தெருவில் கல்யாணம் என்றால் பெண்ணுக்குக் கொண்டை போட அவளைத்தான் கூப்பிடுவார்கள். கை அவ்வளவு சுத்தம். வாய்தான் கலீஜ்.

இரண்டு வீடு தள்ளி ஆலிஸ் இருந்தாள். டோரதியைவிடச் சின்னவள், நல்ல நிறம். திருவிழாவுக்கு எனக்கும் ஒரு கொண்டை போட்டுவிடு என்று ஆசையாக வந்து கேட்டாள். டோரதி அவளை வாசலில் உட்காரவைத்து, சடையை அவிழ்த்து, இரண்டு விரலால் நுனியைப் பிடித்துத் தூக்கிக் குழாயடிக்கே காட்டினாள்.

"இன்னாடி இது? முடியா, எலி வாலா? இத்துல கொண்டை ஊசி போட்டா ஊசிதான் தெரியும்."

தண்ணீருக்கு நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆலிஸும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் செலவழிக்காமல் அவள் பத்திரமாக வைத்திருந்தாள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அறுபத்தாறு வாக்கில் கொண்டைகள் உயர ஆரம்பித்தன. நீள முடிக்கு அதில் ஒரு தொல்லை உண்டு, கனம். எவ்வளவு உயரமாகச் சுற்றினாலும் கோயில் போய்ச் சேருவதற்குள் பிடரியில் இறங்கிவிடும். உள்ளே ஏதாவது தாங்க வேண்டும். டோரதி துணியைச் சுருட்டி வைத்துப் பார்த்தாள். அது எண்ணெயைக் குடித்து அமுங்கிப்போனது. சின்னப் பவுடர் டப்பா வைத்தாள். ஊசி பட்டு டங் டங் என்றது. கொட்டாங்கச்சி மண்டையைக் கீறியது. கடைசியில் அப்பாவின் வலையிலிருந்து ஒரு தக்கையை அறுத்தெடுத்தாள். லேசு, உருண்டை, நடுவில் ஓட்டை வேறு. ரிப்பனைக் கோத்து முடியோடு கட்டிவிட்டால் அசையாது. மீன் வாடை போக வெயிலில் காயவைத்து, வாசனைப் பவுடர் தேய்த்து உள்ளே வைத்தாள். அந்த ஞாயிறு முக்காட்டையும் மீறி ஒரு சாண் உயரம் தெரிந்தது. பெண்கள் பக்கத்தில் அன்றைக்கு யாரும் பூசை பார்க்கவில்லை.

ஒன்றோடு அவள் நிற்கவில்லை. ஒவ்வொரு கொண்டைக்கும் ஒவ்வொரு அளவு தேவைப்பட்டது. லூயிஸின் வலை அங்கங்கே தொங்க ஆரம்பித்தது, மீன் மேலாகவே தப்பித்துப் போனது. லூயிஸ் தன் கூட்டாளி கிருஷ்ணப்பன்மேல் சந்தேகப்பட்டார். சிறுவயதிலிருந்து ஒரே கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர்கள். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் அத்தனை பேர் முன்னால் கேட்டார்.

"எட்த்தவன் நீதானேடா. வேற எவன் என் வலைய தொட்றான்?"

"மாமு, உன் பொருள்ல நான் கைய வச்சா என் கை அழுகிப் பூடும்."

லூயிஸ் அவனை அறைந்தார். அதை டோரதி அன்றைக்கே கேள்விப்பட்டாள். கேள்விப்பட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள்மேல் எனக்கு இரக்கம் வருகிறபோதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன்.

பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அருள்நாதனுக்கு அப்போது பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லாமல், ஞாயிறு பூசைக்கு வந்து பார்த்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். பிடிக்காவிட்டால் யாருக்கும் அவமானம் இல்லை பாருங்கள். அருள்நாதனின் அம்மா பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அருள்நாதன் ஆண்கள் பக்கத்தில் நின்றான். டோரதிக்கு விஷயம் முன்னமே தெரியும். அன்றைக்கு இருப்பதிலேயே பெரிய தக்கையை எடுத்தாள். ரிப்பன்தான் பழசு, அதை அவள் கவனிக்கவில்லை.

நன்மை என்கிற அப்பம் வாங்கும்போது பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியில் முழங்காலிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து நாக்கை நீட்ட வேண்டும். டோரதி சாய்த்தாள். சாமியார் அப்பத்தை நாக்கில் வைத்தார், ரிப்பன் அறுந்தது. முதலில் முக்காடு நழுவியது, பிறகு கொண்டை சரிந்தது, பிறகு டக்கென்று ஒரு சத்தம். தக்கை மொசைக் தரையில் உருண்டு பெண்கள் வரிசைக்குள் புகுந்து, அருள்நாதனின் அம்மாவின் முழங்காலில் முட்டி நின்றது.

அப்பம் வாயில் இருக்கும்போது கடிக்கக் கூடாது, பேசக் கூடாது என்பது சிறுவயதில் சொல்லிக்கொடுத்த பாடம். டோரதி வாயை இறுக மூடிக்கொண்டு அப்படியே முழங்காலில் இருந்தாள். முடி முழுக்க அவிழ்ந்து முதுகில் விழுந்து தரையைத் தொட்டது. அவ்வளவு அழகான முடியை அந்தக் கோயில் பார்த்ததில்லை. ஆனால் ஆண்கள் பக்கத்தில் ஒருவனைத் தவிர மற்ற எல்லோரும் கட்டையைத்தான் பார்த்தார்கள்.

முதலில் சிரித்தது ஆலிஸ். அருள்நாதனின் அம்மா கட்டையைக் கையில் எடுத்து, சுட்டிருந்த சிலுவையையும் புள்ளிகளையும் ஒன்றும் புரியாமல் பார்த்தாள். ஆலிஸ்தான் அதை அவளிடமிருந்து பணிவாக வாங்கிக்கொண்டு, பூசை முடிந்ததும் கோயில் வாசலில் எல்லோருக்கும் நடுவில் லூயிஸிடம் நீட்டினாள்.

"மாமா, உங்க வலையில காணாம போன தக்கை. உங்க பொண்ணு தலையில இருந்து வுழுந்துச்சி."

அருள்நாதனின் அம்மா ரிக்ஷாவில் ஏறி உட்கார்ந்தாள். "தலையிலயே கட்டை வச்சிகினு கீறா. வேற எங்கெங்க இன்னா கீதோ" என்றாள். சம்பந்தம் அங்கேயே முடிந்தது.

அன்று மத்தியானம் லூயிஸ் ஆள் அனுப்பிக் கிருஷ்ணப்பனை வரவழைத்தார். மகளை வாசலில் உட்காரவைத்து, வலை அறுக்கிற கத்தியை எடுத்துவந்தார்.

"பாத்துக்கோ கிருஷ்ணப்பா. உன்ன திருடன்னு சொன்னேன்ல. திருடி இங்க கீறா."

"வுடு மாமு. பொம்பள புள்ள."

விடவில்லை. முடியைக் கயிறுபோல் முறுக்கிப் பிடித்துப் பிடரியோடு அறுத்தார். கத்தி மழுங்கல், நேரம் பிடித்தது. தெருவே நின்று பார்த்தது. ஒருத்தி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பார்த்தாள். டோரதி அழவில்லை. முடிந்ததும் குனிந்து முடியை ஓர் இழை விடாமல் பொறுக்கிக் கட்டினாள். அப்பா வீசியெறிந்த தக்கையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து அவள் தக்கை. கம்பெனியில் தக்கை, பஸ்ஸில் தக்கை, குழாயடியில் தக்கை. பூசையில் அவள் முழங்காலிட்டால் பின்னாலிருந்து யாராவது நாக்கால் டக்கென்று சத்தம் எழுப்புவார்கள். முடி வளர்ந்தது, ஆனால் தோளைத் தாண்டி வராமல் மெலிந்துபோனது. கல்யாணப் பேச்சு பிறகு வரவேயில்லை, அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றுதான். அந்தப் பெயர் தன்னைவிட்டு இறங்க வேண்டும், இன்னொருத்தி தலையில் போய் ஏற வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து அருள்நாதனுக்கு ஆலிஸைப் பேசி முடித்தார்கள். அதற்குள் உயரக் கொண்டை ஊரெல்லாம் வந்துவிட்டது. உள்ளே வைக்கப் பஞ்சு உருண்டையும் நைலான் வலையும் ஃபேன்சி கடையிலேயே கிடைத்தன. டோரதியைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் தலைக்குள் எதையோ வைத்துக்கொண்டு நடந்தார்கள். அதற்குப் பேர் ஸ்டைல். கல்யாணக் கொண்டை போட மட்டும் டோரதியைவிட்டால் ஆள் இல்லை. ஆலிஸின் அம்மா ஞானசெல்வி தயங்கித் தயங்கி வந்து கேட்டாள். டோரதி உடனே சரி என்றாள். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று காலையில் ஆலிஸ் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, பழசெல்லாம் மனசுல வச்சிக்காத."

"மனசுல இன்னாத்த வச்சிக்கப் போறேன். தலையிலதான் வைக்கணும். நேரா ஒக்காரு."

டோரதி ஒரு சவுரியை எடுத்து ஆலிஸின் முடியோடு சேர்த்தாள். ஆலிஸ் அதைத் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவு நீளமான, மெத்தென்ற சவுரி எந்தக் கடையிலும் கிடைக்காது. யாருடைய முடி என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. ஒரு நாளாவது அந்த முடி தன் தலையில் இருக்கட்டும் என்று அவளுக்கும் இருந்திருக்கும்.

"உள்ள இன்னாக்கா வைக்கிற? கெட்டியா கீது."

"பஞ்சுதான். புதுசு, அப்படித்தான் இருக்கும்."

இந்தத் தடவை ரிப்பனும் புதுசு. ஓட்டையில் கோத்து இரட்டை முடிச்சுப் போட்டு, அதன்மேல் நூலால் தைத்தும் வைத்தாள். கோயிலில் ஆலிஸ் தாலி வாங்கினாள், முழங்காலிட்டாள், தலையைச் சாய்த்தாள், நன்மை வாங்கினாள். கொண்டை இம்மியும் அசையவில்லை. டோரதி போட்டதிலேயே நல்ல கொண்டை இதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மையும் அதுதான்.

அன்று சாயங்காலம் பெரம்பூர் குவார்ட்டர்ஸில், பட்டுச்சேலை மாற்றுவதற்கு முன்னால், மாமியார் மருமகளை உட்காரவைத்துக் கொண்டையை அவிழ்த்தாள். சொந்தக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஊசிகள் வந்தன, சவுரி வந்தது. தையலைப் பிரித்ததும் தக்கை அவள் மடியில் விழுந்தது. ஒரு சிலுவை, கீழே இரண்டு புள்ளி. அவள் அதை மறந்திருக்கவில்லை.

"வாணாம்னு சொன்ன பொண்ணையே தலையில ஒக்கார வச்சி இட்டாந்துகீறியேடி" என்றாள். "முடியும் அவளுது, கட்டையும் அவளுது. உன்துன்னு இன்னாதான் கீது?"

அருள்நாதன் கதவருகில் நின்றிருந்தான். கட்டையை அவன் பார்க்கவில்லை. அம்மாவின் கையிலிருந்து சவுரியை வாங்கி, இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்துக்கொண்டே நின்றான். அன்றைக்குக் கோயிலில் முடியைப் பார்த்த அந்த ஒருவன் அவன்தான். ஆலிஸ் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு மாமியாரின் வாயே தேவலை என்று பிறகு எங்களிடம் சொன்னாள்.

ஞானசெல்வி டோரதியின் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். தெரு வயிறு குலுங்கச் சிரித்தது. டோரதி உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெயர் ஒருவழியாக இறங்கிவிட்டது என்று நினைத்தாள். மறுநாள் தலைநிமிர்ந்து குழாயடிக்குப் போனாள்.

"இன்னா தக்கை, சின்னத் தக்கை எப்படி கீறாளாம்?" என்று கேட்டார்கள்.

பெயர் குட்டி போட்டிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டிலும் அவள் கையைப் பெண் தலையில் படவிடவில்லை. லூயிஸ் போய்ச் சேர்ந்தார். வலைக்கெல்லாம் பிளாஸ்டிக் உருண்டை வந்துவிட்டது. மரத்தக்கையைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளும் அவளைத் தக்கை என்றுதான் கூப்பிட்டார்கள்.

எழுபத்து நாலோ ஐந்தோ, கோயில் கொடியேற்றத்துக்கு ஆலிஸ் தன் சின்ன மகளோடு வந்திருந்தாள். நெரிசலில் பிள்ளை கையை விட்டுவிட்டது. தேடிப் பார்த்துவிட்டு, நடுக்கூட்டத்தில் நின்று உரக்கக் கூப்பிட்டது.

"தக்கை! தக்கை!"

பெரம்பூர் வீட்டில் அதன் அம்மாவுக்கு வேறு பெயர் கிடையாது. கூட்டத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பெண்கள் திரும்பினார்கள். பக்கத்தில் இருந்தது டோரதிதான். அவள் பிள்ளையிடம் வந்து குனிந்தாள். பிள்ளையின் சடை அவிழ்ந்து ரிப்பன் தோளில் தொங்கியது. அவள் ரிப்பனைக் கையில் எடுத்தாள். பிள்ளை அவளை மேலும் கீழும் பார்த்தது.

"நீ இல்ல" என்றது. "எங்க வூட்டுத் தக்கை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆலிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், டோரதியைப் பார்க்கவில்லை. டோரதி ரிப்பனைப் பிள்ளையின் கையில் திணித்துவிட்டு, கொடி ஏறுவதைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.