மூன்று மைல் பாதையும் ஒரு தழைக் குவியலும்

பாதை வெட்டுகிற தொழிலில் வேலை முடிந்தது என்று ஒரு நாளும் கிடையாது. கடைசி வளைவை வெட்டி முடிப்பதற்குள் முதல் வளைவில் காடு மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கும். முற்றம் பெருக்குகிறவர்கள், வயலில் களை பறிக்கிறவர்கள், தினமும் முகம் வழிக்கிறவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நான் பட்ட பாடு புரியாது.

நாகர்கோவிலில் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியிருந்த காலம். நான் கீரிப்பாறைக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தை ஒட்டிய சொந்தக் காட்டில் பாதை மேஸ்திரியாக இருந்தேன். பங்களாவிலிருந்து உச்சிப் பாறை வரை மூன்று மைல் தூரத்துக்கு, துரைசாணி உலாவுவதற்கு ஒரு பாதை வேண்டும். மாசி மாதம் துரை என்னைக் கூப்பிட்டு, தமக்குத் தெரிந்த தமிழில் நிபந்தனையைச் சொன்னார். "மழைக்கு முன்னே பாதை முடி. முடிக்கல, நீ கீழே போ." கீழே போவது என்றால் வேலையோடு, தோட்டத்து ஆட்களுக்குக் கொடுக்கிற லயத்து வீடும் போய்விடும். என் மனைவி எஸ்தருக்கு அப்போது நாலு மாதம். தலைப்பிள்ளை.

உலாவுதல் என்றால் என்ன

காட்டுக்கு வழிகாட்ட மல்லன் காணி வந்தார். தலைமுறையாகக் காட்டிலேயே குடியிருக்கிற காணிக்காரர்களுக்கு அந்த மலையில் தெரியாத இடம் கிடையாது. முதல் நாள் அளவுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே, உச்சிப் பாறையில் துரைசாணிக்கு என்ன வேலை என்று கேட்டார். தேன் எடுக்கவா, கிழங்கு தோண்டவா, மூங்கில் வெட்டவா? ஒன்றுமில்லை, போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள் என்றேன். நடப்பதற்காகவே நடப்பது என்பதை எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். மல்லன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"திரும்பி வரதுக்குத்தான் போறாங்கன்னா, போவாமலே இருந்திரலாமே மேஸ்திரி."

முதல் சோதனை

பங்குனிக்குள் ஒன்றரை மைல் ஆகிவிட்டது. துரைசாணிக்கு முழங்கால் வலி உண்டு என்பதால் செங்குத்தான ஏற்றமே இருக்கக்கூடாது என்று உத்தரவு. மலையைச் சுற்றிச் சுற்றி, ஏறுகிறோம் என்றே தெரியாதபடி இழுத்திருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால், அந்த ஒன்றரை மைலையும் யானைக் கூட்டம் நடந்து பார்த்திருந்தது. உட்கார ஒரு மரப்பலகை போட்டிருந்தோம், அதையும் காணோம். வளைவுக்கு வளைவு கூடை கூடையாக லத்தி. நான் தலையில் கை வைத்து நின்றேன். மண் சுமக்கிற தங்கம்மை லத்தியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"வேலைய ஒத்துக்கிட்டுப் போயிருக்கு மேஸ்திரியண்ணே. கையெழுத்தும் போட்டிருக்கு."

ரைட்டரின் மேற்பார்வை

தோட்டத்துக் கணக்கு எழுதுகிற ரைட்டர் மாதம் ஒருமுறை ஆறடிக் குச்சியோடு வந்து பாதையின் அகலத்தை அளப்பார். சித்திரையில் இரண்டு கோடைமழை பெய்ததும் அட்டை கிளம்பிவிட்டது. நாங்கள் காலில் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொள்வோம். அவர் தமது வெள்ளைக் காலுறையை நம்பி வந்தார். பத்தாவது அளவில் காலுறை வெள்ளையாக இல்லை. மீதியை நின்ற இடத்திலிருந்தே கண்ணால் அளந்துவிட்டு இறங்கினார்.

"அகலம் போதும் ஓய். இதுல பாதி அகலம் இருந்தா பாதி அட்டைதான் கடிச்சிருக்கும்."

நான் செய்த சுத்தம்

இனி என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன். இரண்டாம் மைலில், காணிக்காரர்களின் பழைய ஒற்றையடித் தடம் அடிவாரத்திலிருந்து ஏறிவந்து எங்கள் பாதையைத் தொடுகிற வளைவு ஒன்று உண்டு. அங்கே ஒரு மரத்தடியில் இடுப்புயரத்துக்குத் தழைக் குவியல் கிடந்தது. அடியில் மக்கியது, நடுவில் சருகு, மேலே பச்சை. பாம்புக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது என்று முழுவதையும் வாரிப் பள்ளத்தில் தள்ளினேன். மறுநாள் காலை அதே இடத்தில் நாலைந்து பச்சைக் கொப்பு கிடந்தது. அதையும் பெருக்கினேன். மூன்றாம் நாள் குவியலும் இல்லை, வேலைக்கு ஆட்களும் இல்லை. காணிக்காரர்கள் மட்டுமல்ல, தங்கம்மையும் மற்றப் பெண்களும்கூட வளைவுக்கு இப்பாலேயே மண்வெட்டியைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மல்லன்தான் எழுந்து வந்தார். மலையேறுகிற யாரும் அந்த இடத்தில் ஒரு கொப்பு ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் மேலே போவார்களாம். அவருடைய அப்பன் போட்டது, அவனுடைய அப்பன் போட்டது எல்லாம் அதில் கிடந்ததாம். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டு மனசை ஆற்றியிருப்பேன்.

"நீரு வாரித் தள்ளினது சருகு இல்ல மேஸ்திரி. போனவன் திரும்பி வரணும்னு வச்சது."

வீட்டில் கேட்டது

பரிகாரம் சுலபம்தான். வாரியவன் கையாலேயே, எல்லாரும் பார்க்க, முதல் கொப்பைப் போட வேண்டும். அதுவரை யாரும் அந்த வளைவைத் தாண்ட மாட்டார்கள். மழைக்கு இன்னும் பத்து நாள். பாதையில் அரை மைல் பாக்கி. சிக்கல் என்னவென்றால், என் அப்பா ஒரு கிராமத்துக் கிறிஸ்தவச் சபையில் உபதேசியார். மரத்துக்கும் கல்லுக்கும் முன்னால் கைநீட்டக் கூடாது என்பதை நான் நடக்கப் படிப்பதற்கு முன்பே படித்தவன். எஸ்தர் அந்த விஷயத்தில் என் அப்பாவுக்கும் ஒருபடி மேல். சமாசாரத்தைச் சொல்லி, வேலை போனால் ஏழு மாத வயிற்றோடு எங்கே போவது என்று கேட்டேன். அவள் வேதப்புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

"மழையில நிக்கேன், பரவாயில்ல. நீரு தழை போட்டீருன்னா ஒம்ம அப்பாவுக்கு நானே காயிதம் எழுதுவேன்."

முதல் கொப்பு

போட்டேன். ஜெபம் பண்ணினேனா என்று கேட்காதீர்கள். கர்த்தரும் பார்க்க வேண்டாம், நானும் பார்க்க வேண்டாம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கொப்பை நீட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவை நினைத்தா, வாரித் தள்ளியதை நினைத்தா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கொப்பு கையை விட்டு விழவில்லை. மல்லன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"கண்ணத் தொறந்து போடும். மூடிக்கிட்டுப் போட்டா வேற ஆளு போட்டதா ஆயிராது."

துரையின் தீர்ப்பு

வைகாசி மழைக்கு இரண்டு நாள் முன்னே பாதை முடிந்தது. துரையும் துரைசாணியும் நடந்து பார்த்தார்கள். அந்த வளைவில் துரை நின்றார். அதற்குள் குவியல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. பாதையில் குப்பை எப்படி வந்தது என்று கேட்டார். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அவர் குவியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். லயத்து வீடு என் கண்முன்னே ஒருமுறை வந்து போயிற்று.

"குப்பை இருக்கட்டும். ஓரமா இருக்கட்டும்."

எஸ்தர் இறங்கின வழி

வீட்டில் நான் எதையும் சொல்லவில்லை. எஸ்தரும் கேட்கவில்லை; காயிதமும் எழுதவில்லை. ஆடி மாதம் ஒரு காலையில் அவளுக்கு வலி கண்டது. லயத்து மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே கீழே மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்றாள். வண்டிப் பாதையை முந்தின நாள் மழை அறுத்துக்கொண்டு போயிருந்தது. மிஞ்சிய வழி ஒன்றுதான்: என் பாதையில் இரண்டாம் மைல் வரை போய், அங்கிருந்து காணித் தடத்தில் இறங்க வேண்டும். நாற்காலியில் இரண்டு மூங்கிலைக் கட்டி, மல்லனும் மூன்று பேரும் அவளைத் தூக்கினார்கள். ஏற்றமே தெரியாத அந்தப் பாதையில் நாற்காலி ஆடாமல் போயிற்று. முழங்கால் வலிக்கென்று போட்ட பாதை.

வளைவு வந்தது. சுமக்கிறவர்கள் நிற்காமல் தாண்டத்தான் பார்த்தார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று அவர்களுக்குத் தெரியும். எஸ்தர்தான் நிறுத்தச் சொன்னாள். வலி தாங்காமல் நிறுத்துகிறாள் என்று எனக்கு உயிரே போய்விட்டது. அவள் கையை நீட்டி, ஓரத்துச் செடியில் ஒரு கொப்பை ஒடித்துக் குவியலில் போட்டாள். கண்ணைத் திறந்துகொண்டே போட்டாள். பிறகு, வாய் பிளந்து நின்ற என்னைப் பார்த்தாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கீரு? பிள்ளைக்கும் சேத்து இன்னொண்ணு ஒடிச்சுத் தாரும்."

இருபதாம் நாள் இரண்டு பேரும் அதே வளைவு வழியாகத் திரும்பி வந்தார்கள். அன்று முதல் நான் பார்த்த மூன்று மைல் உத்தியோகத்தில், அந்த வளைவின் மூன்று முழத்தை மட்டும் துடைப்பத்தைத் தோளிலும் தழையைக் கையிலுமாக வைத்துக்கொண்டு கடந்தேன்.