கஸ்தூரி நடிக்காத கடைசிக் காட்சி

ஆப்பிரிக்கப் பெண்களின் நாடகங்களைப் பற்றி இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் திருச்சியில் நான் செய்த ஆய்வை இப்போது தமிழில் புத்தகமாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் எழுத்து நின்றுவிட்டது. அதற்காகத்தான் போன தை மாதம் ஒரு சனிக்கிழமை சென்னையிலிருந்து திருச்சிக்குப் போனேன்.

காலை 6.10-க்கு திருச்சி ஜங்ஷன். வாசலிலேயே ஸ்ரீரங்கம் டவுன் பஸ். சத்திரம் பஸ் நிலையம் வழியாக ஒன்பது கிலோமீட்டர், நாற்பது நிமிடம். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அப்போது இங்கே கல்லூரி ஆசிரியையாக இருந்த நான், ஆய்வில் எடுத்துக்கொண்ட ஒரு நாடகத்தை மாணவிகளை வைத்து மேடையேற்ற இருந்தேன். ஒத்திகை முடிந்த சாயங்காலங்களில் என் மாணவிகள் இதே பாலத்தில் வசனம் பேசிக்கொண்டே நடப்பார்கள். காற்றில் பாதி காதில் விழாது. மலைக்கோட்டை அதே இடத்தில்தான் இருந்தது. எனக்குத்தான் கண் கலங்கியது.

அந்த நாடகத்தில் ஒரு விதவையைக் கொழுந்தனுக்குக் கட்டிவைக்க ஊர் கூடுகிறது. அவள் சபையில் எழுந்து மறுக்கிறாள். அந்த வேடம் முசிறிப் பெண் கஸ்தூரிக்கு. அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள் அவளுடைய அப்பா விடுதிக்கு வந்தார். கல்யாணமாகாத பெண் விதவை வேடம் போடுவதா என்று கையோடு அழைத்துப் போய்விட்டார். நாடகம் நின்றது. அவள் படிப்பும் நின்றது. ஆய்வில் நான் எழுதியது, ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’.

சித்திரை வீதியில் அவள் தையல் கடை வைத்திருப்பதாகப் பழைய சக ஆசிரியை சொல்லியிருந்தார். பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

“மேடம்! வாங்க, உள்ள வாங்க.”

“என்னாலதான உன் படிப்பு போச்சு, கஸ்தூரி?”

“நாடகத்துல சேத்ததுக்கு எனக்குக் கோவம் இல்லீங்க மேடம். முசிறி நாப்பது கிலோமீட்டர்தான். நீங்க வந்து எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசுவீங்கன்னு ஒரு மாசம் வாசலையே பாத்துட்டு இருந்தேன்.”

“பயந்துட்டேன்மா. வேலை போயிடும்னு,” என்றேன். தலையாட்டினாள். பிறகு, தைக்கக் கொடுக்க வந்த இரண்டு பெண்கள் பார்த்திருக்க, நிமிர்ந்து நின்று அந்தக் கடைசிக் காட்சியைச் சொல்ல ஆரம்பித்தாள். நான்காவது வரியில் நின்றது.

“அப்புறம் என்ன மேடம்?”

எனக்கும் ஞாபகம் வரவில்லை. இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம்.

போகிறவர்களுக்கு: கோயிலில் மதியம் நடை சாத்துவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். யாரையாவது பார்க்கப் போவதென்றால் அன்றைக்கே திரும்ப டிக்கெட் போடாதீர்கள். மதிய ரயிலை விட்டுவிட்டு அவள் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

ஊர் திரும்பியதும் அந்தப் பக்கத்தை எழுதி முடித்தேன்: ‘கஸ்தூரியை அவள் அப்பா அழைத்துப் போனார். ஆசிரியை தேடிப் போகவில்லை.’